அக்காவின் பதினாறு ஆவர்த்தனம்

மூன்று வருடம் கழித்துத் தங்கை பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அதற்குள் வெர்லீன் டாலிவருக்கு அவளுடைய கட்டில் போயிற்று, அலமாரியில் பாதி போயிற்று, அம்மாவின் வாயில் தன் பெயர் வருவதே நின்று போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் நியூயார்க்கிலிருந்து கோராலீ புருஷனோடு காரில் வந்து இறங்கியதிலிருந்து ஹேட்டி அம்மாளுக்குச் சின்னவள்தான் கண்ணில் பட்டாள். பெரியவளிடம், அந்தத் தலையணையைக் கொண்டா, இந்த வாளியை நகர்த்து என்பதோடு சரி.

பாசத்தில் ஒன்றும் கோராலீ வரவில்லை. பிட்ஸ்பர்க் மாதர் சங்கத்தின் வசந்த காலத் தேநீர் விருந்தில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் பாடுவதாக ஏற்பாடு. ஒரு குரல், ஒரு கிட்டார், வேறு வாத்தியமே கிடையாது என்பதுதான் நியூயார்க்கில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விஷயம். அந்தக் கிட்டார்க்காரர் வெண்டெல் போன வாரம் படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். டெலிபோனில் அழுத மகளிடம் ஹேட்டி அம்மாள், "உங்க அக்கா வாசிப்பா, நீ கிளம்பி வா" என்று சொல்லிவிட்டாள். அக்காவைக் கேட்கவில்லை.

வெர்லீன் மறுக்கவும் இல்லை. இரண்டு வருடமாக ஒரே ஒரு கேள்வியை நேருக்கு நேர் கேட்பதற்காகக் காத்திருந்தவள் அவள்.

ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. வெள்ளியும் சனியும் வைலி அவென்யூ பக்கம் ஒரு மூன்று பேர் குழுவில் கிட்டார் வாசிப்பாள். முப்பத்தைந்தாம் வயதில், வேலை விட்டு வந்து டிராமுக்கு நிற்கிற குளிரில் அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். ஒருத்தனுக்காகக் காத்திருக்கிற பெண், வருகிற டிராமையெல்லாம் விட்டுவிட்டு அடுத்ததில் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "அடுத்த டிராம்" என்றே பெயர். படுக்கையறையில் வெர்லீன் அதை வாசிக்க, பக்கத்துக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கோராலீ பாடுவாள். நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கப் பதினாறு ஆவர்த்தனம். அந்தக் குளிர்காலம் முழுவதும் வெர்லீன் அந்தப் பதினாறைச் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வசந்தத்தில் கோராலீ டெல்மார் பிக்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு நியூயார்க் போனாள். ஒரு வருடம் ஆகியிருக்கும். வெர்லீன் வறுத்த கோழி வாங்கப் போன கடையில் யாரோ இசைப்பெட்டியில் காசு போட்டார்கள். தங்கையின் குரல். தான் கட்டிய பாட்டு. நடுவில், முகம் தெரியாத எவனோ ஒருவன் அவளுடைய பதினாறு ஆவர்த்தனத்தையும் அப்படியே வாசித்தான். ஒன்பதாவதில் அவள் விரல் எப்போதும் தடுக்கும், தடுக்கியதைத் தெரியாமல் அவள் சமாளிப்பாள். அந்தத் தடுக்கல்கூட இருந்தது. இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில், பாட்டும் மெட்டும் கோராலீ பிக்ஸ் என்று அச்சாகியிருந்தது.

அன்றைக்குக் கோழி வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். தங்கைக்கு ஒரு வரி எழுதவில்லை. திருடியவளுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குத் தான் இறங்கிப் போகவேண்டாம் என்று நினைத்தாள்.

ஞாயிறு சர்ச் முடிந்து பன்னிரண்டரைக்கு எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அம்மா சமையலறையில் எலுமிச்சைக் கேக்கைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். டெல்மார் கையோடு கொண்டுவந்திருந்த சின்ன கிராமபோனை மேஜையில் வைத்து, ஒரு தட்டை எடுத்தான். மனைவிக்குப் புருஷன், மேனேஜர் இரண்டும் அவன்தான். மேனேஜராக இருக்கும்போதுதான் அவனுக்குக் கை கால் சுறுசுறுப்பாக இருக்கும்.

அவன் வெர்லீனுக்கு விளக்க ஆரம்பித்தான். கோராலீ பாடும்போது கிட்டார் பின்னால் நிற்க வேண்டும். வெண்டெல் ஒருநாளும் அவள் குரலுக்கு மேலே வந்ததில்லை. ஒரு தடவை முழுதாகப் பாடி முடிந்ததும், அடுத்த சுற்றின் முதல் பாதியைத் தனியாக வாசிக்க இடம் உண்டு, அதற்கடுத்த நடுப்பகுதியில் கோராலீ திரும்ப உள்ளே வருவாள், அந்த இடத்தில் கிட்டார் அடங்கிவிட வேண்டும். தனியில் என்ன வாசிப்பது என்ற யோசனையே தேவையில்லை, தட்டிலேயே இருக்கிறது, ஜனங்களுக்கும் அதுதான் பழக்கம். கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டால் போதும்.

முள்ளை எடுத்துத் தட்டில் வைத்தான்.

வெர்லீன் மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு, தன் பதினாறு ஆவர்த்தனத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். கோராலீ ஜன்னல் பக்கம் திரும்பி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றாள் வெர்லீன். "யார் போட்டது?"

"வெண்டெல்."

"வெண்டெலுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

டெல்மார் மனைவியைப் பார்த்தான். ஜன்னலிலிருந்து திரும்பாமலே கோராலீ பதில் சொன்னாள். "நான்தான். வாயால பாடிக் காட்டினேன். ஒரு குளிர்காலம் பூரா தூங்கவிடாம என் காதுல ஓட்டினியே, எனக்கு மனப்பாடம் ஆகாதா?"

"ஆகும். பேரு எப்படி ஆச்சு?"

கோராலீ இப்போது திரும்பினாள். அவள் முகத்தில் வெட்கத்தின் அடையாளமே இல்லை. அங்கே இருந்தது வெறுப்பு, அதுவும் பழைய வெறுப்பு. அதைக் கண்டு வெர்லீன்தான் ஒரு கணம் திகைத்தாள். திருடியவள் இப்படிப் பார்ப்பாளா?

"நீ குடுத்த. கையெழுத்துப் போட்டுக் குடுத்த. இப்ப எதுக்கு நாடகம்? டெல்மார், அதைக் காட்டு."

தோல் பையின் உள்ளறையிலிருந்து டெல்மார் ஒரு தாளை எடுத்து நீட்டினான். தட்டச்சில் நாலு வரி. "அடுத்த டிராம்" என்கிற பாட்டில் தனக்கு எந்த உரிமையும் இல்லை, எல்லாம் தங்கையுடையதே என்று வெர்லீன் டாலிவர் சம்மதிப்பதாக இருந்தது. கீழே அவள் பெயர் மையில் எழுதப்பட்டிருந்தது. வடிவான எழுத்து, அவளுடையது இல்லை. அவள் இந்தத் தாளைப் பார்ப்பதே இப்போதுதான்.

அதைச் சொன்னாள். டெல்மார் தாளை இழுத்து மடித்துப் பைக்குள் வைத்தான். தபாலில் இந்த விலாசத்துக்கு அனுப்பினோம், கையெழுத்தாகித் திரும்பி வந்தது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றான்.

"இப்ப இல்லன்னுதான் சொல்லுவ," என்றாள் கோராலீ. "வெண்டெல் கை உடைஞ்சா நீயே ராணின்னு நெனப்பு. எச்சில் எலும்பைத் தூக்கிப் போடற மாதிரி ஒரு கையெழுத்து. கூட ஒரு வரி, நல்லாப் பாடுன்னு ஒரு வரி, உன்னால எழுத முடியல. அந்தத் தாளைப் பிரிச்சுப் பார்த்த அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே எனக்கு அக்கா கிடையாதுன்னு."

வெர்லீன் வாயைத் திறப்பதற்குள் அம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் கேக் பெட்டி. சர்ச்சுக்குப் போய் வந்த வாயால் இந்தச் சண்டை வேண்டாம், உடுத்திக்கொண்டு கிளம்புங்கள், சங்கத் தலைவி மிசஸ் பெட்டிகுரூ இரண்டரைக்கே வரச் சொன்னாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வழி விட்டு நின்றாள்.

ஒத்திகை அவ்வளவுதான். எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் என்று மட்டும் டெல்மார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

சென்டர் அவென்யூ மண்டபத்தில் முன்னூறு தொப்பிகள். வெள்ளைக் கையுறை, சலவை மடிப்புக் கலையாத மேஜைத் துணி, வெள்ளரிக்காய் சாண்ட்விச். வெர்லீனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள்தான் பாதிப்பேர். ஆனால் கைதட்டல் கோராலீக்கு. அவள் மரகதப் பச்சை உடையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும், வெர்லீன் அவள் முதுகுக்குப் பின்னால், நாற்காலியில், சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும்படி கோராலீ திரும்பாமல் விரலால் காட்டினாள். வெர்லீன் குறைத்தாள்.

முதல் மூன்று பாட்டுக்கும் அவள் ஒரு குறை வைக்கவில்லை. தனியொரு கிட்டார் பக்கவாத்தியம் வாசிப்பது விளையாட்டில்லை. பின்னால் தாளத்துக்கு ஆள் கிடையாது, அடிநாதத்துக்கு ஆள் கிடையாது. கட்டைவிரல் கீழே நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற விரல்கள் நடுவில் இரண்டு ஸ்வரம், மூன்று ஸ்வரம் என்று கிள்ளிப் போட வேண்டும். பாடுகிறவள் மூச்செடுக்கும் இடத்தில் மட்டும் மேலே ஏதாவது சொல்லிவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் நகர்ந்துவிட வேண்டும்.

கோராலீ அவளைச் சோதித்தாள். வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் தங்கித் தங்கிப் பாடினாள், வெர்லீன் தனக்காகக் காத்து நிற்கிறாளா என்று பார்க்க. காத்து நின்றால் பாட்டு படுத்துவிடும். வெர்லீன் நிற்கவில்லை. பிடித்த நடையில் நடந்துகொண்டே இருந்தாள். கடைசி வரியில் கோராலீதான் ஓடி வந்து சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. சபைக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது பாட்டுக்கு முன்னால் கோராலீ மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். இந்தத் தெருவில், இந்த டிராம் நிறுத்தத்தில் நின்றபோது தன் மனதில் உதித்த பாட்டு இது என்றாள். பிறகு, சேர்க்காவிட்டால் நன்றாக இருக்காது என்பதுபோல, "எங்க அக்கா. லாண்டரியில வேலை. இன்னிக்கு ஒரு நாளைக்கு எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கா" என்று கையைப் பின்னால் காட்டினாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹேட்டி அம்மாள் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

வெர்லீனுக்குக் கோபம் தலைக்கு ஏறவில்லை. விரலுக்கு வந்தது.

கோராலீ முதல் வரி பாடி மூச்செடுத்தாள். அந்த இடைவெளியில் வெர்லீன் ஒரு சின்னத் துண்டு வாசித்தாள். தட்டில் இருக்கும் தனியின் முதல் ஆவர்த்தனம் அது. அடுத்த மூச்சில் அடுத்த துண்டு. இப்படியே பாட்டின் சந்து பொந்துகளிலெல்லாம் அந்தப் பதினாறையும் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போனாள். நாலாவது துண்டில் கோராலீயின் தோள் இறுகுவது பின்னாலிருந்து தெரிந்தது. ஏழாவதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. தனி வரும்போது தட்டில் இருப்பதில் வாசிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இடைவெளி கொடுக்காமல் வரிகளை இழுத்துப் பாடிப் பார்த்தாள். வெர்லீன் அந்த இழுப்புக்கு அடியிலேயே மீதியையும் நுழைத்துவிட்டாள். ஆனால் ஒரு ஸ்வரம்கூடக் குரலோடு மோதவில்லை. மோதியிருந்தால் கோராலீக்கு வசதியாகப் போயிருக்கும்.

தனி வந்தது. கோராலீ மைக்கைவிட்டு ஓரடி தள்ளி நின்று, கைகளைக் கோத்துக்கொண்டாள்.

வெர்லீன் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் ஏற்றினாள். இரண்டு வருடமாக லாண்டரியில் நீராவிக்கு நடுவே மனதுக்குள் வாசித்ததெல்லாம் வந்தது. கட்டைவிரல் நிற்கவே இல்லை. அது போட்ட தாளத் தரை அங்கேயே இருந்தது. அதன் மேல் அவள் நடந்தாள், நின்றாள், சபையைக் காக்க வைத்தாள், எதிர்பார்த்த இடத்தில் வராமல் பக்கத்து இடத்தில் வந்தாள். பின் வரிசையில் யாரோ ஒரு கிழவர், "சொல்லும்மா, சொல்லு" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார். பதினாறு முடிந்தது. கோராலீ மைக்குக்கு வந்து வாயைத் திறந்தாள்.

வெர்லீன் விடவில்லை. நடுப்பகுதியையும் தானே எடுத்துக்கொண்டாள். கோராலீ திறந்த வாயைச் சிரிப்பாக மாற்றிச் சபையைப் பார்த்துத் தலையசைத்தாள். நடுப்பகுதி முடிந்து கடைசிப் பகுதி வந்தது. அதையும் வாசித்தாள். ஒரு முழுச் சுற்று. சுற்றின் முடிவில், திரும்ப ஆரம்பத்துக்கு வரவேண்டிய இடத்தில், கையை ஒரு பொட்டு நகர்த்திச் சுருதியை அரைக்கட்டை ஏற்றிவிட்டாள்.

இதற்குத் தயாராக இல்லாத பாடகி திரும்ப வரும்போது அபசுரமாக வருவாள், அல்லது எங்கே வருவது என்று தெரியாமல் நிற்பாள். வெர்லீனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. முன்னூறு தொப்பிகளுக்கு முன்னால் தங்கை வாயடைத்து நிற்க வேண்டும்.

கோராலீ வந்தாள். அக்காவின் வாசிப்புக்கு நடுவே, பாதி வாக்கியத்தில் வெட்டிக்கொண்டு, ஏற்றிய கட்டையில், மயிரிழை பிசகாமல் வந்தாள். ஆனால் பாட்டின் வார்த்தைகளைப் பாடவில்லை. வார்த்தையே இல்லாமல், தா தூ என்று வெறும் ஒலியாக, அந்தப் பழைய பதினாறு ஆவர்த்தனத்தை முதலிலிருந்து பாடினாள். மைக்கிடம் பாடவில்லை. முழு உடம்பையும் திருப்பி அக்காவின் முகத்துக்கு நேராக நின்று பாடினாள். உன்னுடையது என்கிறாயே, இந்தா பார், என் தொண்டையில் இருக்கிறது என்பதுபோல.

வெர்லீனுக்கு வேறு வழியில்லை. தன் தனிக்கே பக்கவாத்தியம் வாசித்தாள். கட்டைவிரல் நடந்தது, மற்ற விரல்கள் கிள்ளின, மேலே தங்கையின் குரல் போனது. அந்தப் பதினாறையும் அவள் ஒருநாளும் வெளியில் இருந்து கேட்டதில்லை. கோழிக்கடையில் கேட்டது திருட்டுச் சாமானைத்தான். இப்போதுதான் கேட்டாள். ஒன்பதாவதில் அந்தத் தடுக்கலைக் கோராலீ தடுக்கலாகவே பாடினாள்; அங்கே ஒரு பெண்ணின் குரல் உடைந்து சேர்வதுபோல இருந்தது. அது நன்றாக இருந்தது. தான் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள நேர்ந்ததற்காகத் தங்கையை இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

முடிந்தபோது முன்னூறு பேரும் எழுந்து நின்றார்கள். சங்கத் தலைவி மிசஸ் பெட்டிகுரூ மேடைக்கு வந்து இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து, அக்கா தங்கை ஒற்றுமை என்றால் இதுதான், ஒருத்தி நினைப்பதை இன்னொருத்தி பாடுகிறாள் என்றாள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

தேநீர் மேஜையருகே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வெர்லீன் பாராட்டும் குசலமும் தாங்காமல் மேஜையின் மறு கோடிக்கு நகர்ந்தாள். வீட்டிலிருந்து வந்த பலகாரங்கள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் செய்தவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு. எலுமிச்சைக் கேக்கில் பாதி தீர்ந்திருந்தது. ஹேட்டி டாலிவர் என்று அதன் சீட்டில் மையால் எழுதியிருந்தது.

அந்த இரண்டு சொல்லை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் டாலிவர் என்ற சொல்லை இன்றைக்குப் பகல் ஒரு மணிக்கு அதே வடிவில் பார்த்திருக்கிறாள். வால் பின்னோக்கிச் சுருண்ட கடைசி எழுத்து, அதன் கீழே ஒரு சின்னக் கோடு. சீட்டை எடுத்துக்கொண்டு மேல்கோட்டு மாட்டும் அறைக்குப் போனாள். ஹேட்டி அம்மாள் தலைவலி என்று சொல்லி அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தாள்.

அறையில் டெல்மாரும் கோராலீயும் இருந்தார்கள். டெல்மார் உற்சாகத்தில் குதித்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை நியூயார்க்கில் இரண்டு வார நிகழ்ச்சி ஆரம்பம், வெண்டெல் கை ஒரு மாதத்துக்கு ஆகாது, அக்கா தங்கை என்று போட்டால் ஊரே வரும் என்றான். இவளோடு ஒரே அறையில் மூச்சுக்கூட விடமாட்டேன் என்று கோராலீ சொன்னாள்.

"அந்தத் தாளை எடுங்க மாப்பிள்ளை," என்றாள் வெர்லீன்.

அவள் குரலில் என்ன இருந்ததோ, டெல்மார் எடுத்தான். வெர்லீன் அதை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்து, பக்கத்தில் கேக் சீட்டை வைத்தாள்.

கோராலீ குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் நிமிர்ந்தபோது பச்சை உடையின் கழுத்தில் வியர்வை பூத்திருந்தது.

"நான் நீ போட்டதுன்னு நெனச்சேன்," என்றாள்.

"நான் நீ திருடினன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று டெல்மார் எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரும் நகரவில்லை. பாட்டைத் திருப்பித் தரமுடியாது என்று கோராலீதான் முதலில் சொன்னாள். நானூறு மேடையில் பாடியாகிவிட்டது, அது தன் வாயில் ஊறிப் போனது, இன்றைக்கு எவர் வந்து எதைக் காட்டினாலும் தன்னிடமிருந்து அதைப் பிடுங்க முடியாது என்றாள்.

"செவ்வாய்க்கிழமை நான் வாசிக்கிறேன்," என்றாள் வெர்லீன். "பாட்டு யாரோடதுன்னு அங்க மேடையில நீ உன் வாயால சொல்லணும்."

"சொல்ல மாட்டேன்."

"பரவாயில்ல. நான் தினமும் கிட்டார்ல சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிரு."

கோராலீ கையுறையைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டாள். "இன்னிக்குப் பாடின மாதிரி நான் என்னிக்குமே பாடினதில்ல," என்றாள். "அதனாலதான் சரின்னு சொல்றேன். அதனாலயே உன்னைச் சகிக்கவும் முடியல."

பேச்சு முடிவதற்குள் தாளும் சீட்டும் வெர்லீனின் கைப்பைக்குள் போய்விட்டன. டெல்மார் கை நீட்டினான். அவள் பையை மூடிக் கொக்கியைப் போட்டாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களிடம் தன் கதை முடிந்தது என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தி, அது வெளியே போனால் முதலில் கோர்ட்டில் நிற்கப் போகிறது உங்கள் அம்மா, அதை யோசித்துக்கொள்ளுங்கள் என்றான்.

வீட்டில் ஹேட்டி அம்மாள் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். வெர்லீன் கேக் சீட்டை மட்டும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தாள்.

"தபால் வந்தப்ப நீ வேலைக்குப் போயிருந்த," என்றாள்.

"நான் சாயங்காலம் வந்திருப்பேனே."

"வந்திருப்ப. படிச்சிருப்ப. அவளோட சண்டைக்கு நியூயார்க் கிளம்பியிருப்ப. போனவ பாட்டு, மேடைன்னு அங்கயே இருந்திருப்ப." ஹேட்டி அம்மாள் கண்ணில் ஈரமில்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "ஒருத்தி போயிட்டா. இன்னொருத்தியும் போனா எனக்கு யாரு? பாட்டைக் குடுத்து உன்னை வச்சுக்கிட்டேன். தப்புன்னு நெனச்சா நெனச்சுக்கோ."

வாசலில் நின்ற கோராலீ, தன்னை எவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டாய் என்று அம்மாவைக் கேட்டாள். நீ எங்கே இருந்தாலும் ஒரு கடிதம் போட மாட்டாய், இவள் வீட்டில் இருந்தால் எனக்கு வெந்நீராவது வைப்பாள் என்று அம்மா பதில் சொன்னாள். அந்த ஒரு பதிலில் இரண்டு பெண்களுக்கும் அவரவர் இடம் எது என்று தெரிந்துவிட்டது.

வெர்லீன் மாடிக்குப் போய் ஒரு பெட்டியில் நாலு உடுப்பை அடுக்கினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கிட்டாரை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது மணி ஆறு, வெளியே நல்ல வெயில். ஹேட்டி அம்மாள் படியின் அடியில் நின்றாள். போகாதே என்று சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லாதவள். முகத்தில் மட்டும் ஏதோ தளர்ந்திருந்தது.

"நாளைக்குக் காலையில லாண்டரியிலேர்ந்து ஆள் அனுப்புவாங்களே," என்றாள். "என்னன்னு சொல்றது?"

"என் கையெழுத்துத்தான் உனக்கு நல்லா வருதே," என்றாள் வெர்லீன். "வேலையை விட்டுட்டேன்னு ஒரு லெட்டர் எழுதி நீயே போட்டுடு."

காரில் முன்னிருக்கையில் கோராலீயும் டெல்மாரும். பின்னால் வெர்லீன், பக்கத்தில் கிட்டார். ஹேட்டி அம்மாள் வாசற்படியில் நிற்கிறாளா என்று இருவரில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கோராலீ முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்தத் தாள் உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"என்ன பண்ணப் போற?"

கண்ணாடியில் டெல்மாரின் கண்கள் பாதையைவிட்டுப் பின்னிருக்கைக்கு வந்தன. வெர்லீன் மடியிலிருந்த கைப்பையின் மேல் கையை வைத்தாள். அவளுக்கே இன்னும் தெரியவில்லை.